வீட்டோடு மாப்பிள்ளைக்கு நின்ற வரிசை

காலையில் கோழிகளுக்குத் தீனி போட லான்சியாங் வாசற்கதவைத் திறந்தபோது, சுவரை ஒட்டி ஏழெட்டு ஆண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் முடி வெட்டி, முகம் மழித்து, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் போல வெளுத்த சட்டை போட்டிருந்தார்கள். வரிசை சீக்கிரம் நகராது என்று தெரிந்த சிலர் வீட்டிலிருந்தே முக்காலி கொண்டுவந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அத்தனை பேரும் துள்ளி எழுந்தார்கள்.

"சாப்ட்டீங்களா அத்தை?"

லான்சியாங்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன வாரம் வரைக்கும் இவர்களுக்கெல்லாம் அவள் வெறும் பெரியம்மாதான்.

"என்னங்கடா, பெரியம்மா எப்ப அத்தை ஆனா? எனக்கே சொல்லாம உறவு மாத்திட்டீங்களா?"

"நீங்க தலையாட்டுனா மாறிடும் அத்தை. அதான் முன்கூட்டியே பழகிக்கறோம்" என்றான் வரிசையில் முதலில் நின்ற ஃபூலாய். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தீனிக்குக் காத்திருந்த கோழிகள் மிரண்டு ஓடின.

ஹுவாய்கோ ஊரில் ஆப்பிள் மரத்துக்குக் குறைவில்லை. கல்யாணம் ஆகாத ஆண்களுக்கும் குறைவில்லை. முப்பதைத் தாண்டியவர்கள், நாற்பதைத் தொட்டவர்கள், இனி ஆகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஒருவன் இருந்தான். ஊரில் பிறந்த பெண்களே குறைவு. அந்தக் கொஞ்சம் பேரும் படிப்பு, வேலை என்று லான்ஜோ, ஷியான் போன்ற பெருநகரங்களுக்குப் போய் அங்கேயே வாழ்க்கைப்பட்டுவிட்டார்கள். மிஞ்சியிருந்த இளம்பெண் ஒருத்திதான், லான்சியாங்கின் மருமகள் சுய்பிங். அவளும் கைம்பெண். லான்சியாங்கின் ஒரே மகன் கென்வா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். போன வாரம்தான் மூன்றாம் வருஷத்துக் காரியம் முடிந்து, கல்லறையில் படையலாகக் காகிதப் பணம் கொளுத்திவிட்டு வந்தார்கள்.

வந்த கையோடு லான்சியாங் கடைத்தெருவில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "சுய்பிங்குக்கு வீட்டோடு மாப்பிள்ளை தேடறேன். யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

இறந்தவன் வீட்டுக்கே ஒருவனைக் கூட்டிவந்து, அவனுடைய பெண்டாட்டிக்குப் புருஷனாகவும் பெற்றவர்களுக்கு மகனாகவும் வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். முன்பெல்லாம் அப்படிப் போகிற ஆணை ஊரே கேலி பேசும். இப்போது கேலி பேச வேண்டியவர்களே முக்காலியோடு வந்து நிற்கிறார்கள். லான்சியாங்குக்குத் தலைகால் புரியவில்லை. கென்வாவுக்குப் பெண் தேடிய காலத்தில் அவள் எத்தனை வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்! "உங்க வீட்டுல மாடி இல்லையே", "உங்க பையனுக்குக் கார் இல்லையே" என்று எத்தனை பேர் முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள்! இப்போது தன் வாசலிலும் நாலு பேர் நிற்கிறார்கள். அந்தச் சந்தோஷம் அவளுக்குச் சாராயம் மாதிரி ஏறிப்போயிருந்தது.

சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுய்பிங் வேறு எங்காவது வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டால், பேத்தி தோதோவும் கூடவே போய்விடுவாள். புருஷனும் இல்லாத, மகனும் இல்லாத வீட்டில் லான்சியாங் தன்னந்தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அது மட்டும் நடக்கக் கூடாது. ஆள் உள்ளே வர வேண்டுமே தவிர, இவள் வெளியே போகக் கூடாது.

சுய்பிங்கிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் மாவுதான் பிசைந்தாள். லான்சியாங் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அது ஆப்பிள் பிஞ்சுகளுக்குக் காகிதப் பை போடுகிற பருவம். நெல்லிக்காய் அளவுப் பிஞ்சைக் காம்பு நோகாமல் பைக்குள் விட்டு, பையின் வாயில் இருக்கிற கம்பியை மெல்ல முறுக்க வேண்டும். பூச்சியும் வெயிலும் படாமல் வளர்கிற பழத்துக்குத்தான் விலை. வழக்கமாகக் கீழ் ஊர்களிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து கூலிக்குச் செய்வார்கள். மெல்லிய விரல்களுக்கான வேலை அது. இந்த வருஷம் கூலிக்கும் பெண்கள் கிடைக்கவில்லை. லான்சியாங் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தாள், தோட்டத்தைப் பார்த்தாள். மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது.

"எல்லாரும் நல்லவனுங்கதான். நான் யார வேணாம்னு சொல்றது? அதனால ஒரு போட்டி. ஆளுக்கு ஒரு வரிசை மரம். மூணாம் நாள் சாயந்தரம் எவன் மரத்துல பை அதிகம் தொங்குதோ, அவனப் பத்திப் பேசலாம்."

ஆண்கள் ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்குப் பறந்தார்கள்.

அந்தத் தோட்டம் அப்படி ஒரு கலகலப்பைப் பார்த்ததே இல்லை. மத்தியானத்துக்குள் செய்தி பரவி, பக்கத்து ஊர்களிலிருந்தும் மூன்று சக்கர வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"மேட்டு ஊர்க்காரனுக்கு இங்க என்னடா வேலை? இது எங்க ஊர்ப் பொண்ணு!"

"உங்க ஊர்ல பொண்ணு இருக்குன்னு பீத்திக்காதடா. ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கிட்டு!"

"உங்க ஊர்ல அதுவும் இல்லதானே? ஏணிய எடுத்துட்டு ஓடிடு!"

ஏழாவது பிள்ளையாகப் பிறந்ததால் ஊருக்கே ஏழாம் தாத்தாவாகிவிட்ட பெரியவரின் பேரன் மான்சாங்கும் ஒரு வரிசையைப் பிடித்திருந்தான். முப்பத்தாறு வயது, மம்மட்டிப் பிடி மாதிரி விரல்கள். அவன் தொட்ட பிஞ்சில் பாதி கையோடு வந்தது. "ஐயோ, இதுவும் போச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொல்லிவிட்டு, விழுந்ததை எடுத்து ஓரமாக வைத்தான். ஃபூலாயோ யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கை இயந்திரம் மாதிரி ஓடியது. லான்சியாங் இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து, "பாத்தியா ஃபூலாய் வேகத்த! நீ என்னடா மான்சாங், பிள்ளைத்தாச்சி மாதிரி ஏணி ஏறற?" என்று விரட்டினாள். மூன்று வருஷமாக இழவு வீடாகக் கிடந்த இடம் திருவிழா மாதிரி ஆகிவிட்டது என்று அவளுக்கு நிஜமாகவே மனசு குளிர்ந்தது.

மத்தியானம் சுய்பிங் நூடுல்ஸ் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் தலை தெரிந்ததும் தோட்டம் கப்சிப்பென்று அடங்கியது. ஆண்கள் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தோடு நின்றார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போனாள்.

"உப்பு ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்றான் ஒருவன்.

"இன்னும் வாயிலயே வெக்கல. அதுக்குள்ள உப்பு தெரிஞ்சுடுச்சா?" என்றாள் சுய்பிங்.

அவ்வளவுதான். "பேசிட்டா! பேசிட்டா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. உப்பைப் புகழ்ந்தவனை மற்றவர்கள் முதுகில் தட்டினார்கள். அவன் கிண்ணத்தைச் சாப்பிடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டவுன் பள்ளியில் தங்கிப் படிக்கிற தோதோ வருகிற நாள். சுய்பிங் கரண்டியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பஸ் வந்து நெடுநேரம் கழித்துத்தான் மகளோடு திரும்பினாள். ஆண்களின் ஆரவாரத்தில் லான்சியாங் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயந்தரம், எண்ணிப் பார்க்க வேண்டிய நேரத்தில், வெள்ளைக் கார் ஒன்று தோட்டத்து வரப்பில் வந்து நின்றது. இறங்கியவன் டவுனில் ஆப்பிள் மண்டி வைத்திருக்கிற பாவ்தியென். ஐம்பதை நெருங்குகிற ஆள். முதல் பெண்டாட்டி இரண்டு பெண்களைப் பெற்றாள் என்று அவளை விலக்கினான். பிறகு பக்கத்து ஊரில் கல்யாணம் ஆகாத இருபத்திரண்டு வயதுப் பெண்ணைக் கட்டினான். அவளும் போன வருஷம் அவனை விட்டுப் போய்விட்டாள். இப்போது மூன்றாவதுக்கு வந்திருக்கிறான்.

மான்சாங் ஏணியிலிருந்தே கத்தினான். "அண்ணே, நீங்க ஏற்கெனவே ரெண்டு பந்தி சாப்ட்டீங்க. நாங்க இன்னும் இலையே பாக்கல!"

"காசு இருக்கறவன் மறுபடியும் உக்காருவான் தம்பி. முடிஞ்சா நீயும் உக்காரு" என்றான் பாவ்தியென் சிரித்துக்கொண்டே.

"போன தடவை நீங்க கூட்டிட்டுப் போன பொண்ணுக்கு எங்கள்ல ஒருத்தன் மாப்பிள்ளை ஆகியிருக்கலாம். உங்களுக்கு மூணு, எங்களுக்குச் சைபர். இது எந்த ஊர்க் கணக்கு?"

ஏணிகளிலிருந்து ஆண்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். கைகலப்பு ஆகிவிடும் போலிருந்தது. லான்சியாங் நடுவில் புகுந்தாள். மண்டிக்காரனே தேடி வந்திருக்கிறான், அவனிடம் தன் தோட்டத்தைப் பெருமையாகக் காட்டாமல் விட அவளுக்கு மனசு வரவில்லை.

"சண்டைய விடுங்கடா. நீங்க வந்து பாருங்க, பாவ்தியென். ஒரு பிஞ்சு விடாம பை போட்டுட்டானுங்க. அதுவும் ஃபூலாய் வரிசையப் பாருங்க, மரமே தெரியல!"

பாவ்தியென் பழத்திலேயே பிழைக்கிறவன். ஃபூலாயின் மரத்தில் ஒரு பையை இரண்டு விரலால் அமுக்கினான். பை தட்டையாக ஒட்டிக்கொண்டது. அடுத்ததை அமுக்கினான். அதுவும் தட்டை. நாலாவது பையில்தான் ஏதோ தட்டுப்பட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். லான்சியாங் ஓடிவந்து கிளைகளை விலக்கினாள், குனிந்து புல்லை விலக்கினாள். தரையெல்லாம் பச்சைப் பிஞ்சு. அவசரத்தில் காம்பை ஒடித்துவிட்டு, வெறுங்காம்புக்கு அழகாகப் பை மாட்டியிருந்தார்கள். ஃபூலாய் வரிசையில் மட்டுமில்லை, போட்டிக்கு வேகமாக ஓடிய எல்லா வரிசையிலும் அதே கதை.

"அடப்பாவி! ஒரு வருஷப் பொழப்புடா! பழம் எங்கடா?"

"அத்தை, பையத்தானே எண்ணறேன்னீங்க?" ஃபூலாய் பின்னால் நகர்ந்துகொண்டே சொன்னான். "பழத்த எண்ணறேன்னு சொல்லவே இல்லியே!"

லான்சியாங் ஒரு வெறும் பையைக் கிளையிலிருந்து பிய்த்தெடுத்தாள். கிழிந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவ்தியென் அதுதான் சமயம் என்று பேச்சை ஆரம்பித்தான்.

"விட்டுத் தள்ளுங்க அக்கா. இந்தத் தோட்டத்தக் கட்டிக்கிட்டு ஏன் அழுவணும்? சுய்பிங்க நான் டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன். லிஃப்ட் வெச்ச வீடு. உங்களுக்கும் தனி ரூம், தோதோவும் கூடவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணுங்க போதும், ஏற்கெனவே ரெண்டு இருக்கு. பையன் வேணும். அதுக்கும் கவலை இல்ல. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் முன்னாடியே பாத்துச் சொல்லிடுவாரு. பொண்ணுன்னா அங்கேயே முடிச்சுடலாம்."

"எங்க அத்தைக்கும் ஒரு டாக்டரத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள். சுய்பிங் மரத்தடியில் குண்டானை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவள் குரல் உயரவில்லை, ஆனாலும் கடைசி மரம் வரைக்கும் கேட்டது.

"தோதோ பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் வயித்துல நின்னுது. நாலாம் மாசம் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. சந்துக்குள்ள ஒரு வீடு, பின்பக்கம் ஒரு ரூம். பாத்துட்டு அந்த ஆளு, பொண்ணுன்னு அத்தைகிட்டதான் சொன்னாரு. அத்தைதான் முடிவு சொன்னாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். வேணுமா, வேணாமான்னு என்னை யாருமே கேக்கல."

லான்சியாங்கின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அதை இத்தனை வருஷத்தில் சுய்பிங் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றே லான்சியாங் நினைத்திருந்தாள்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சுய்பிங் அவர்களையும் விடவில்லை.

"நீங்க எதுக்குத் தலையக் குனியறீங்க? உங்க அம்மாங்களும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. ஊர் ஊரா நீங்க தேடி அலையற பொண்ணுங்க வேற எங்கயும் போகல. அந்த ரூமுக்குள்ளதான் போனாங்க, வெளிய வரல. அன்னைக்குப் பொண்ணு வேணாம்னு உங்க வீட்டுல வரிசைல நின்னாங்க. இன்னைக்குப் பொண்ணு வேணும்னு வரிசைல நிக்கறீங்க. வேணாம்னு சொன்னப்பவும் எங்கள ஒரு வார்த்தை கேக்கல, வேணும்ங்கறப்பவும் கேக்கல. காகிதப் பைய எண்ணி எனக்குப் புருஷன் பாக்கறீங்களே, உங்களுக்கே சிரிப்பா இல்லையா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பாவ்தியென் மட்டும் "பொம்பளைக்கு வாய் நீளம்" என்று ஏதோ ஆரம்பித்தான். லான்சியாங் சட்டென்று தலை நிமிர்ந்தாள்.

"கார எடுத்துட்டுக் கெளம்பு."

"அக்கா, நான் சொல்றத..."

"கெளம்புன்னு சொன்னேன்!"

மற்றவர்கள் வழிவிடுகிற சாக்கில் அவனை நெருக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார்கள். கார் கண்ணுக்கு மறைந்த பிறகு மான்சாங் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான்.

"சரி. இத்தனை நாள் கேக்காதது தப்புதான். இப்ப நான் கேக்கறேன், சுய்பிங். உனக்கு யாரக் கட்டிக்க இஷ்டம்? நானா இருந்தா ரொம்ப சந்தோஷம். இல்லைன்னாலும் சொல்லிடு."

சுய்பிங் அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"தேஹாய்" என்றாள்.

"யாரு, பஸ் ஓட்டற தேஹாயா?"

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. தேஹாய் டவுனுக்கும் ஹுவாய்கோவுக்கும் நடுவே தினம் பஸ் ஓட்டுகிறவன். பெண்டாட்டி மணவிலக்கு வாங்கிக்கொண்டு போனபின், பத்து வயது மகளைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டே வண்டி ஓட்டுவான். "பொம்பளப் புள்ளைக்குப் பின்னல் போடற டிரைவர்" என்று இவர்கள் எல்லோருமே அவனைக் கேலி பண்ணியவர்கள்தான்.

"அவனுக்கு நல்லாப் பின்ன வரும்" என்றான் ஃபூலாய், அடங்கிய குரலில்.

"தோதோவுக்கும் போடறாரு" என்றாள் சுய்பிங். அப்போதுதான் அவள் முகத்தில் வெட்கம் தெரிந்தது.

லான்சியாங்குக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "அவன் நம்ம வீட்டுக்கு வருவானா?"

"மாட்டாரு அத்தை. வேலை அங்க, மக பள்ளிக்கூடம் அங்க. நான்தான் போகணும்."

ஆண்கள் ஏணிகளைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். லான்சியாங் மரத்தடியில் உட்கார்ந்து விழுந்த பிஞ்சுகளைக் கூடையில் பொறுக்க ஆரம்பித்தாள். எதற்கும் உதவாத பிஞ்சு, பன்றிக்குத்தான் போட வேண்டும். ஆனாலும் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. சற்று நேரத்தில் சுய்பிங்கும் எதிரில் உட்கார்ந்து பொறுக்கினாள்.

"நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா?" அந்தப் பயத்தை லான்சியாங் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். "அதுக்காகத்தான் இவ்வளவும். உனக்காகன்னு ஊர்ல சொன்னேன். எனக்காகத்தான்."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"பேசினா கேட்டிருப்பீங்களா?"

லான்சியாங் இன்னொரு கைப்பிடிப் பிஞ்சைக் கூடையில் போட்டாள். கேட்டிருக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். கூடை பாதி நிறைந்தபிறகு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு, அந்தப் பெஞ்சுல... உன்னக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேணும்னு சொல்லியிருப்பேன்."

லான்சியாங் மேல்சட்டை நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகன் செத்தபோது அழுத அழுகையில் ஊர் கூடவே அழுதது. இந்த அழுகைக்குக் கூடவே அழ ஆள் இல்லை. ஒரு பேத்தியைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று அனுப்பிவைத்தவள் அவள்தான். அந்தப் பேத்தி இருந்திருந்தால் இந்நேரம் தோதோவோடு சண்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடியிருப்பாள். தனியாகிவிடுவோம் என்று பயப்படுகிற இந்த வீட்டில் இன்னொரு குரல் இருந்திருக்கும். சுய்பிங் அவளைத் தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியபின் லான்சியாங் சொன்னாள். "சரி, போ. ஆனா மருமகளா போகாத. என் மகளா போ. நானே கட்டிக்குடுக்கறேன்."

"தினம் அந்த ஒரு பஸ்தான் அத்தை இங்க வருது. ஓட்டறதே அவருதான். நெனச்சா ஏறி வந்துடுவேன்" என்றாள் சுய்பிங். லான்சியாங் அழுகையும் சிரிப்புமாக அவள் தலையில் ஒரு பிஞ்சை எறிந்தாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், வாசலில் மறுபடியும் நாலு பேர். ஆசை யாரை விட்டது! லான்சியாங் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "வரிசை கலைஞ்சுது. கூலி தரேன், வாங்கிக்கங்க. இனிமே பெரியம்மான்னே கூப்பிடுங்க." யாரும் கூலி வாங்கவில்லை. ஃபூலாய் மட்டும் தன் வரிசை மரங்களில் வெறும் பைகளையெல்லாம் கழற்றி, மிச்சமிருந்த பிஞ்சுகளுக்கு ஒழுங்காக மாட்டிவிட்டு, அத்தை என்று கூப்பிட வாய் வந்து பெரியம்மா என்று திருத்திக்கொண்டு போனான்.

ஆப்பிள் விற்று முடிந்து, பத்தாம் மாதத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை பஸ்ஸுக்குச் சிவப்புத் துணி கட்டி தேஹாய் வந்து இறங்கியபோது அவன் மகளும் தோதோவும் ஒரே மாதிரிப் பின்னலோடு கைகோத்துக்கொண்டு நின்றார்கள். சுய்பிங் சிவப்புப் பட்டு உடுத்தி அறைக்குள் தயாராக இருந்தாள். அப்போதுதான் ஏழாம் தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"லான்சியாங், நீ என்ன காரியம் பண்ற? புருஷன் செத்தவ மறுபடி கட்டிக்கிட்டுப் போறதுன்னா, விடியறதுக்கு முன்னாடி பின்பக்கமா போகணும். மேளம் இல்லாம, வெடி இல்லாம, தெருவுல கால் வெக்காம போகணும். அதுதான் நம்ம ஊர் வழக்கம். பட்டப்பகல்ல முன்வாசல் வழியா அனுப்பினா ஊருக்கு ஆகாது."

தேஹாய் தலையைக் குனிந்துகொண்டான். பின்பக்கமாகவே போய்விடலாம் என்று அவன் முணுமுணுத்தது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. சுய்பிங் அறையின் நிலைப்படி வரைக்கும் வந்து அப்படியே நின்றாள். எல்லோரும் லான்சியாங்கைத்தான் பார்த்தார்கள்.

பெரியவர் பேச்சை அதுவரை அவள் எதிர்த்ததே இல்லை. இப்போதும் மரியாதை குறையாமல்தான் பேசினாள், ஆனால் குரல் தெருக்கோடி வரைக்கும் போனது.

"ஊருக்கு ஆகாததுங்கறீங்களா மாமா? ஊருக்கு ஆகாதத நாம எப்பவோ பண்ணி முடிச்சாச்சு. பொறந்த பொண்ணப் பாத்து மூஞ்சியத் தூக்கி வெச்சோம். பொறக்கப் போற பொண்ணக் கருவுலயே அழிச்சோம், நானும் அழிச்சேன், மறைக்கல. புருஷன் செத்தவளத் திருடி மாதிரி இருட்டுல அனுப்பினோம். காசு இருக்கறவன் ஒருத்தி போனா இன்னொருத்தின்னு கட்டினப்ப வாய மூடிக்கிட்டு விருந்து சாப்ட்டோம். இப்ப நம்ம பசங்க நாப்பது வயசுல தனியா நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிடறானுங்க. இத எந்தச் சாமியும் பண்ணல, நாமதான் பண்ணினோம்!"

"அதுக்காக வழக்கத்த..."

"தாத்தா, தள்ளி நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. பெரியவர் திரும்பினார். தெருவில் மான்சாங் கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஃபூலாய் நாயனத்தோடு நின்றான். அந்த மூன்று நாளும் மரத்தில் பை மாட்டிய அத்தனை பேரும் தாளமும் பட்டாசுச் சரமும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை.

"நாளைக்கு எனக்கு ஒருத்தி கெடச்சா அவளும் புருஷன் செத்தவளாவோ, பிரிஞ்சு வந்தவளாவோ இருக்கலாம். அவ நம்ம வீட்டுக்குப் பின்பக்கமாத்தான் வரணுமா? அப்படின்னா நான் கட்டிக்கவே மாட்டேன். நம்ம வம்சம் என்னோட நின்னுடும். சரியா?"

பெரியவர் பேரனைப் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி, படியிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கினார்.

லான்சியாங் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். உள்ளே போய் சுய்பிங்கின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"பசங்களா, எல்லாரும் கேட்டுக்கங்க. பொண்ணு குறைஞ்சுபோச்சேன்னு அழுவாதீங்க, பொண்ண மதிக்கறது குறைஞ்சுபோச்சேன்னு அழுவுங்க. பொறக்கவும் விடணும், பொழைக்கவும் விடணும், யாரோட வாழணும்னு அவ வாயால சொல்லவும் விடணும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் பொண்ணு வருவா. என் மக பகல்ல போறா, முன்வாசல் வழியா போறா. எவனுக்கும் பயப்படாம ஊதுங்கடா!"

ஃபூலாய் கன்னம் உப்ப மூச்சை இழுத்து நாயனத்தை வாயில் வைத்தான்.